ஆபீஸ் நேரத்துச் சூரியன்

வேலைக்கு ஆள் எடுப்பதில் உலகத்தில் பல முறைகள் உண்டு. படிப்பைப் பார்த்து எடுப்பார்கள், அனுபவத்தைப் பார்த்து எடுப்பார்கள், யாருடைய மச்சான் என்று பார்த்து எடுப்பார்கள். இவரை எடை பார்த்து எடுத்தார்கள்.

தேர்வு நடந்த அறையில் மேசை நாற்காலி இல்லை. நடுவில் ஓர் எடை பார்க்கும் இயந்திரம் மட்டும் இருந்தது. காவல் வேலைக்கு வந்தவர்கள் வெளியே சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவருடைய சான்றிதழையும் யாரும் கேட்கவில்லை. இவர் முறை வந்ததும் பேராசிரியர் "ஏறுங்க" என்றார். ஏறினார். "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க." கழற்றிவிட்டு ஏறினார். பேராசிரியர் குனிந்து எண்ணைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், "நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

"என் வாழ்நாள்ல என்னை இவ்வளவு உன்னிப்பா யாரும் பார்த்ததில்லை" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமைப்பட்டார்.

"ஏன், நான் பார்க்கலையா? நல்லாப் பார்த்துட்டும் சரின்னு சொன்னவ நான். என் தைரியத்தை யாரு பாராட்டுறா?" என்றாள் அவள். துணி தைப்பவள். கழுத்தில் அளவு நாடா மாலை போலத் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆளைப் பார்த்தவுடன் இடுப்பளவு சொல்லிவிடுவாள், சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றிலிருந்து அவருக்கு அவள் வைத்த பெயர் தராசு. கொஞ்ச நாளில் தெருவும் ஆராய்ச்சிக்கூடமும் அதே பெயரில் கூப்பிட ஆரம்பித்தன.

எடை பார்த்ததற்குக் காரணம் இருந்தது. தங்கமும் அலுமினியமும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று ஐன்ஸ்டீனின் கொள்கை அடித்துச் சொல்கிறது. பொருள் எதுவானாலும் ஈர்ப்பு ஒரே மாதிரிதான் இழுக்கும், ஓரவஞ்சனை செய்யாது. பேராசிரியருக்கு அதில் சந்தேகம். பதவி உயர்வுக் குழுவில் பல வருடம் உட்கார்ந்தவர் அவர். எல்லாமே ஓரவஞ்சனை செய்யும் உலகத்தில் இது மட்டும் எப்படி யோக்கியமாக இருக்கும் என்பது அவர் கட்சி.

அதனால் கட்டடத்தின் நிலவறையில் ஒரு சிறு தண்டைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு முனையில் தங்கம், மறுமுனையில் அலுமினியம், நடுவில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. சுற்றிலும் காற்று உறிஞ்சப்பட்ட உலோகப் பெட்டி. சூரியன் ஓர் உலோகத்தை மற்றதைவிட இம்மியளவு கூடுதலாக இழுத்தாலும் தண்டு நாளுக்கு ஒருமுறை திரும்பிவிட்டு மீளும். தண்டில் ஒட்டிய கண்ணாடித் துண்டு அந்தத் திரும்பலைக் கணினித் திரையில் கோடாகக் காட்டும். கோடு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் கொள்கை காலி, பேராசிரியர் ஜாலி.

சங்கடம் என்னவென்றால், எடையுள்ள எதுவும் எதையும் இழுக்கும். சூரியன் தூரத்தில் இருந்து இழுக்கும், பீரோ பக்கத்தில் இருந்து இழுக்கும். ஆகவே நிலவறையில் எதுவும் அசையக் கூடாது. மேசைகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். குப்பைத் தொட்டிக்குக்கூடச் சுற்றிலும் வண்ணம் அடித்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். பேராசிரியரும் அவருடைய ஆராய்ச்சி மாணவியும் எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தார்கள். நிலவறையில் இருக்க அனுமதிக்கப்பட்ட ஒரே உயிர் காவலாளி. அவரும் தாழ்வாரத்துக் கோடியில், தரையோடு திருகிய நாற்காலியில் உட்கார வேண்டும். மத்தியானம் சாப்பிட மட்டும் எழுந்திருக்கலாம். பகல் காவலாளியும் இரவுக் காவலாளியும் ஒரே எடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மாறும்போது தண்டு ஏமாந்துவிடும். திங்கட்கிழமை தோறும் இருவரையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

இரவுக் காவலாளிக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். தராசுக்குச் சமமாக நிற்பதால் படிக்கல்.

"அண்ணே, நேத்து ஒரு விருந்து. கை வைக்கலை தெரியுமா? எல்லாரும் சாப்பிடுறாங்க, நான் தண்ணியைக் குடிச்சுட்டு எழுந்து வர்றேன். விஞ்ஞானத்துக்காக வயித்தைக் காயப்போட்டவன் நான் ஒருத்தன்தான்" என்பார் படிக்கல், ஆள் மாற்றும் நேரத்தில்.

"நான் ஒருத்தன் எங்கேப்பா போனேன்?"

"நீங்க வீட்டுச் சாப்பாடுண்ணே. அதுல எடை ஏற வழியே இல்லை."

இதைப் போய் மனைவியிடம் சொல்வார். அவள் மறுநாள் படிக்கல்லுக்கென்று ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். அதில் வெறும் தண்ணீர் பாட்டில் இருக்கும். அப்படி ஒரு காலம்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. முதலில் வலி, பிறகு அறுவை, பிறகு "பார்க்கலாம்" என்று டாக்டரம்மா சொன்ன சொல். டாக்டர்கள் எல்லாவற்றையும் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றும் பார்க்க முடியாதபோதுதான் பார்க்கலாம் என்பார்கள். தையல் மிஷின் மேல் துணி போர்த்தியாயிற்று. எழுந்து நடக்க ஒரு கை வேண்டியிருந்தது. பிள்ளை கிடையாது. தங்கை ஒருத்தி, இரண்டு ரயில் மாறி வர வேண்டிய தூரத்தில் இருந்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். காலையில் விழுந்தவள்.

"கத்தியிருக்கலாம்ல?"

"கத்தினேன். பக்கத்து வீட்ல டிவி சத்தமாப் பாடுச்சு. நானும் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். நல்ல பாட்டுதான்."

மறுநாள் பேராசிரியரிடம் விடுப்பு கேட்டார். பேராசிரியர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். "கேக்கவே கஷ்டமா இருக்கு தராசு. ஆனா இப்ப அளவெடுக்கிற ஓட்டம் ஆரம்பிச்சாச்சு. உங்க எடையில இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்? வேற ஆளைப் போட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." மனிதனுக்கு மாற்று இருக்கிறது, எடைக்கு மாற்று இல்லை என்று புரிந்துகொண்டு தராசு திரும்பி வந்தார்.

நிலவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கு. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிவைத்தது. அதற்குப் பின்சந்தில் ஒரு கதவு, அதன் சாவி தராசிடம். தன் நாற்காலியில் இருந்து எழுந்தால் சில எட்டில் போய்விடலாம். பெஞ்சுகளை ஒதுக்கி ஒரு கட்டிலைப் போட்டார். கட்டிலுக்கு இருந்த ஒரே இடம் சுவரை ஒட்டித்தான். சுவருக்கு மறுபக்கம் தண்டு.

காலையில் சந்து விழிப்பதற்குள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து படுக்கவைப்பார். மத்தியானம் போய் ஏதாவது ஊட்டி, முதுகு புண்ணாகாமல் இருக்க மறுபக்கம் திருப்பிப் படுக்கவைப்பார். இருட்டியதும் படிக்கல் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, பின்பக்கமாகப் போய் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார். படிக்கல்லுக்குக்கூடத் தெரியாது.

அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "சுவத்தை மட்டும் தட்டிடாதே. தட்டினா கோடு துள்ளும். அப்புறம் எல்லாரும் இறங்கி வந்துடுவாங்க."

"நான் ஏன் தட்டப் போறேன்? புருஷன் சுவத்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தானே ஓடுது" என்றாள்.

குப்பைத் தொட்டி வரை கணக்கு வைத்த இடத்தில் அவளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவளும் எடையுள்ள பொருள்தான் என்பது அவருக்கும் தோன்றவில்லை.

எதிர்க் கட்டடத்தில் திருவிழாக் கூச்சல் கிளம்பியது. கோடு ஏறி இறங்கியது! காலையில் ஒரு மேடு எழும்பி, நாள் முழுக்க நின்று, இருட்டியதும் படுத்தது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஓடி வந்து தாழ்வாரத்து வாசலில் நின்று, உள்ளே வராமல், அங்கிருந்தே கேட்டார்.

"தராசு! உள்ளே யாரும் இல்லைல்ல?"

"யாரும் இல்லை சார்."

"எதையும் நகர்த்தலைல்ல?"

"ஒரு துரும்பைக்கூட நகர்த்தலை சார்."

இரண்டும் ஒருவகையில் உண்மை. நிலவறைக்குள் யாரும் இல்லை. அவளைத் துரும்பு என்றும் அவர் நினைத்ததில்லை.

மாணவிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "சார், சூரியன்னா மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். இது சட்டுனு வருது, சட்டுனு போகுது. ஆபீஸ் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

"இயற்கை உன் வசதிக்கு வளைஞ்சு குடுக்காதும்மா" என்றார் பேராசிரியர். மத்தியானத்தில் மேட்டின் நடுவே ஒரு சின்ன நெளிவு தினமும் வந்தது. காவலாளி சாப்பிடப் போவதற்கான கணக்கைக் கழித்த பிறகும் அது மிஞ்சியது. பேராசிரியர் அதற்கு உச்சிப்பொழுது விளைவு என்று பெயர் வைத்து, அதற்கென்று தனியாக ஒரு கட்டுரையும் எழுத ஆரம்பித்தார். ஒரு மனைவியைக் கணவன் திருப்பிப் படுக்கவைப்பதற்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன் எங்கும் கிடைத்திருக்காது.

தராசின் மேசையிலும் ஒரு சிறு திரை இருந்தது. கோடு திரைக்கு வெளியே ஓடினால் அவர் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை ஒருமுறை வந்தாள். அக்காவுக்குக் காய்ச்சல், வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அன்று தராசு தனியாக வேலைக்குப் போனார். அன்று மேடு எழும்பவில்லை. கோடு நாள் முழுக்கத் தரையில் கிடந்தது. எதிர்க் கட்டடத்திலிருந்து மூன்று முறை போன் வந்தது. தங்கை ஊருக்குப் போன பிறகு, அவர் மனைவியை மறுபடி கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு வந்து படுக்கவைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தபோது, திரையில் மேடு எழும்பி நின்றிருந்தது.

வெகுநேரம் அந்த மேட்டையே பார்த்தார். அது சூரியன் இல்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் அவள்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கிடங்குக்கு வேறு பூட்டு வரும். அவள் திரும்பவும் குளியலறைத் தரையில் கிடந்து பக்கத்து வீட்டுப் பாட்டைக் கேட்பாள். ஐன்ஸ்டீனா பெண்டாட்டியா என்று கேட்டால் எந்தக் கணவனும் அதிக நேரம் யோசிக்கமாட்டான். தராசு வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் அதன் பிறகு திரையைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. மேட்டின் உயரம் வாரத்துக்கு வாரம் குறைந்து வந்தது. தினமும் தூக்கிப் படுக்கவைக்கும் கைக்குத் தெரியாத வித்தியாசம் கோட்டுக்குத் தெரிந்தது. அவள் கரைந்துகொண்டிருந்தாள். அவரும் இளைத்துக்கொண்டிருந்தார். அவர் திங்கட்கிழமைகளில் கால்சட்டைப் பையில் இரும்புத் திருகாணிகளைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தில் ஏறிச் சமாளித்தார். அவளுடைய கணக்கில் எதைப் போட்டு நிரப்புவது?

பேராசிரியர் இறக்கத்துக்கும் அசரவில்லை. "வருஷ ஆரம்பத்துல பூமி சூரியனுக்குக் கிட்ட இருக்கும் தராசு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போகும். அதான் இறங்குது. நான் நெனச்சதைவிட வேகமா இறங்குது, அதுக்கும் ஒரு சமன்பாடு போட்டுட்டேன். வருஷத்துப் பாதி தாண்டட்டும், பூமி திரும்பும். அப்ப பாருங்க, கோடு கண்டிப்பா ஏறும்."

"கண்டிப்பா ஏறுமா சார்?"

"எழுதி வெச்சுக்கங்க. ஏறாட்டி என் பேரை மாத்திக்கிறேன்."

அந்தக் கோடு என்னவென்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் தராசு. சூரியனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை படித்த ஒருவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கண்டிப்பாக ஏறும் என்று சொன்னதை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னார். கண்டிப்பாக என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். டாக்டரம்மா கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "எடை ஏறணும். ஏறுச்சுன்னா பார்க்கலாம்."

வருடத்தின் பாதி தாண்டியது. கோடு இறங்குவது நின்றது. சில நாள் சமமாக நின்றது. பிறகு ஏறியது.

பேராசிரியர் எதிர்க் கட்டடத்தில் இனிப்பு கொடுத்தார். தராசுக்கும் ஒன்று வந்தது, எடைக் கணக்கைக் கருதிப் பாதியாக. தராசு அதை மடித்து எடுத்துக்கொண்டு போய் அவள் வாயில் வைத்தார்.

"என்ன விசேஷம்?"

"நீ தேறிட்டு வர்றே."

"யாரு சொன்னது?"

"கோடு."

அவள் பாதியை விழுங்க முடியாமல் துப்பினாள். காலை நீட்டி, கழுத்தில் இருந்த அளவு நாடாவை அவரிடம் கொடுத்தாள். படுக்கையிலும் அதுவரை அதைக் கழற்றியதில்லை. "கணுக்காலைச் சுத்திப் பிடிங்க. போன வாரத்தைவிட எவ்வளவு கூடியிருக்கு பாருங்க. இப்ப வயித்துல பிடிங்க. நான் எத்தனை உடம்பைப் பார்த்தவ. இது சதை இல்லைங்க. தண்ணி. விரலால அழுத்துங்க, பள்ளம் அப்படியே நிக்கும்."

அவர் அழுத்தினார். பள்ளம் நின்றது. "புதுச் சதை அப்படித்தான் மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "துணி சுருங்கினாலும் சரியா இருக்குங்கிறீங்க, உடம்பு ஊதினாலும் தேறிட்டேங்கிறீங்க. தைக்கத் தெரியாதவன்கிட்ட அளவு குடுத்த மாதிரி ஆயிட்டேன் நான்" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நாள் இருந்தது. போனால் பகலில் பாதி நேரம் நாற்காலி காலி, மேடும் காலி. பேராசிரியர் ஏற்கெனவே வாசலில் நின்று கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தார், "இந்த மாசம் மட்டும் எழுந்திருக்காதீங்க தராசு, இந்த ஏத்தம்தான் என் உயிரே." அதுகூடக் காரணமில்லை. போயிருந்தால் போயிருக்கலாம். திரையில் மேடு நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருந்தது, எடை ஏறுகிறது, டாக்டரம்மா கேட்டதே அதுதான். ஏறுகிற ஆளை எதற்குத் தூக்கி அலைக்கழிப்பது, அடுத்த மாதம் ஒரேயடியாகத் தேறிய உடம்போடு கூட்டிப்போய் டாக்டரம்மாவை வாயைப் பிளக்க வைக்கலாம் என்று நினைத்தார். தராசு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் படிக்கல் பார்த்ததே இல்லை.

"என்னண்ணே, முகத்துல ஒரே வெளிச்சம்?"

"எடை ஏறுதுப்பா."

"ஐயோ, திங்கக்கிழமை மாட்டிக்குவீங்களே!"

"எனக்கில்லைப்பா" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போனார்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள், மத்தியானம் ஊட்டப் போனபோது அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மூச்சு வாங்கியது. திருப்பிப் படுக்கவைத்தார். அன்று கனமாக இருந்தாள். அந்தக் கனம் அவருக்குப் பிடித்திருந்தது. "சாயங்காலம் வர்றேன்" என்றார். நாற்காலிக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். நெளிவு வந்து போயிருந்தது. மேடு இதுவரை இல்லாத உயரத்தில், ஆடாமல் அசையாமல், கல் மாதிரி நின்றது. மாலை வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இடையில் ஒருமுறை கோட்டில் முள் குத்தியது போல ஒரு சின்னத் துள்ளல் வந்தது. சாலையில் லாரி போனால் அப்படி வரும். பிறகு மறுபடி சமம். அவள் அங்கேதான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று கோடு சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படிக்கல் வந்து உட்கார்ந்ததும் பின்சந்துக்குப் போய்க் கதவைத் திறந்தார். தொட்டபோது அவள் குளிர்ந்திருந்தாள். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

ஈர்ப்பு ஆள் பார்க்காது, ஓரவஞ்சனை செய்யாது என்று கொள்கை சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. உயிரோடு இருந்தவளுக்கும் உயிர் போனவளுக்கும் கோடு ஒரே உயரத்தைத்தான் கொடுத்தது. அவர் அன்று சுவரின் அந்தப் பக்கத்தில் நின்று முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதார். எதிர்க் கட்டடத்தில் கோடு துள்ளியது. யாரும் இறங்கி வரவில்லை, லாரி என்று நினைத்தார்கள்.

அவர் இல்லாத நாட்களில் படிக்கல் பகலும் இரவும் சேர்த்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து தராசு திரும்பி வந்தபோது பேராசிரியர் தாழ்வாரத்துக்கு உள்ளேயே வந்துவிட்டார். முகம் ஒரேயடியாக ஒடிந்திருந்தது. "உங்க வீட்ல நடந்ததுக்கு ரொம்ப வருத்தம் தராசு. இங்கேயும் எல்லாம் போச்சு. அன்னிக்கு சாயங்காலத்தோட மேடு போச்சு. திரும்ப வரவே இல்லை. என்ன மாறுச்சுன்னே தெரியலை."

தராசு எழுந்து, அவரையும் கூட வந்த மாணவியையும் பின்சந்துக்கு அழைத்துப் போய், கிடங்குக் கதவைத் திறந்து, கட்டிலைக் காட்டினார். எதையும் விடாமல் சொன்னார், கால்சட்டைப் பைத் திருகாணிகள் உட்பட.

பேராசிரியர் ஓர் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு அவர் எடையில் முனகியது. மாணவி சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி:

"அவங்க எடை என்ன இருந்துச்சு?"

கல்நெஞ்சால் கேட்டதல்ல. அவருக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"உங்க கோட்டைப் பார்த்துதான் சார் நானே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் தராசு. பிறகு மாணவியிடம், அவள் மடிக்கணினியில் அன்றைய கோட்டை எடுத்துக்காட்டச் சொன்னார். பிற்பகலில் இருந்த துள்ளலை விரலால் தொட்டார். "இது என்னம்மா?"

அவள் குனிந்து பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். "லாரியா இருக்கும்."

"வேற எதாவதா இருக்குமா?"

"தெரியலைங்க. இவ்வளவு சின்னதா இருந்தா எதுன்னு சொல்ல முடியாது."

மனைவியிடம் சுவரைத் தட்டாதே என்று சொல்லியிருந்தார். தட்டினாளா, அவர் சொன்னதை மதித்துத் தட்டாமலே போனாளா என்பது அந்தத் துள்ளலுக்குள் இருக்கிறது. எத்தனை பெரிதாக்கினாலும் அதற்கு மேல் பெரிதாகாது.

விஞ்ஞானத்தில் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பக் கூடாது, சரிபார்க்க வேண்டும். நேற்றுவரை சூரியனை நம்பிய பேராசிரியர், இனிமேல் எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். கட்டிலில் அதே எடையை வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும், அப்போதும் அதே மேடு வந்தால்தான் அது அவள். மணல் மூட்டைகள் வந்தன. காலையில் வைத்து மாலையில் எடுக்க வேண்டும், முதலில் கனமாகத் தொடங்கி நாளுக்கு நாள் கொஞ்சம் மணலைக் குறைக்க வேண்டும், கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். "வேற ஆளை வெச்சு செய்யலாம் தராசு, நீங்க வேணாம்" என்றார் பேராசிரியர்.

"நானே செய்றேன் சார். அந்தக் கட்டில் எனக்குத்தான் பழக்கம்."

முதல் நாள் மூட்டையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததைப் படிக்கல் பார்த்தார். ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தராசு மூட்டையைச் சுவரோரமாக, அவள் படுத்த பள்ளத்திலேயே கிடத்தினார். நாற்காலிக்கு வந்தார். திரையில் மேடு எழும்பியிருந்தது. அதே இடத்தில், அதே உயரத்தில்.

மறுநாள் பிற்பகலில் போன் அடித்தது. மாணவி.

"ஐயா, மத்தியானம் மூட்டையை யாராச்சும் தொட்டாங்களா? மேட்டு நடுவுல அந்த நெளிவு வந்திருக்கு. நேத்தும் வந்துச்சு."

"நான்தாம்மா. திருப்பிப் போட்டேன்."

"மூட்டையையா?"

அவர் திரையில் அந்த நெளிவைப் பார்த்தார். பிறகு பேராசிரியரிடம் ஏதோ கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"பரவாயில்லைங்க. நாளைக்கும் திருப்பிடுங்க. அப்பதான் பழைய கோட்டோட சரியாப் பொருந்துது."

"சரிம்மா" என்றார் தராசு.